மழையில் மங்கிய யானைகள்

மழை பெய்தால் என் புத்தி வேலைநிறுத்தம் செய்துவிடும். பெல்மதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்துகொண்டு இப்படி ஒரு வியாதியை வைத்திருந்தால் எப்படி? இங்கே மழை பெய்யாத நாளைத்தான் ஆட்கள் அதிசயமாகப் பேசிக்கொள்வார்கள்.

நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்க்கிறவள். தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது, பால்குடி முதல் பள்ளிக்கூடம் போகும் வயதாகாத வாண்டுகள் வரை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்காக அவை எல்லாம் என் சொந்தப் பிள்ளைகள் என்று உருகமாட்டேன்; அப்படி உருகுகிறவர்கள் மூத்திரத் துணி துவைத்திருக்கமாட்டார்கள். ஆனால் எனக்கு அந்த வேலை பிடிக்கும். அது இல்லாமல் ஒரு நாள் எப்படிப் போகும் என்று முன்பெல்லாம் யோசித்ததே இல்லை.

ஒரு வருடம் அடைமழையில் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த மண்மேடு சரிந்து, எங்கள் குசினியை அடுப்போடு அப்படியே இழுத்துக்கொண்டு போனது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் என் புருஷனும் மாதா கோயிலில் பூசையில் இருந்தோம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆண்டவர் காப்பாற்றினார் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். என் உடம்பு மட்டும் அதை நம்பவில்லை. அதன் பிறகு தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டாலே கை சில்லிட்டுப் போகும். எதைக் கையில் எடுத்தேன், எதற்கு எடுத்தேன் என்பதெல்லாம் மறந்துபோகும்.

பிறகு ஒரு நாள் பிற்பகல் மழை கொட்டியது. மண் வருகிறது என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. பிள்ளைகளைத் தூக்கியும் இழுத்தும் கொட்டுகிற மழையில் ரோட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். மண் வரவில்லை, பிள்ளைகளுக்குக் காய்ச்சல்தான் வந்தது. தாய்மார் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவர்கள் வாயே திறக்காமல் பிள்ளைகளை வாங்கிக்கொண்டு போனார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தோட்டத்து வெல்ஃபெயர் ஐயா என்னைக் கூப்பிட்டார். "கொஞ்ச நாளைக்கு லீவு போட்டுட்டு ஒடம்பப் பாத்துக்கங்க. வேலை எங்கயும் போயிறாது. ஆனா தாய்மாரு நம்பிப் புள்ளைய விடணும், அத நான் ஓடர் போட்டு வாங்கித்தர முடியாதுங்க" என்றார். மனுஷன் சொன்னது நியாயம். அதனாலேயே அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் டொக்டர் மாத்திரை தந்தார். தூக்கம் வந்தது, படபடப்பும் குறைந்தது. ஆனால் கவனம் மட்டும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மாத்திரையை விடாமல், கூடவே இதையும் செய்து பாருங்கள் என்று டவுனில் ஒரு மிஸ்ஸிடம் அனுப்பினார். அதற்குப் பெயர் நியூரோஃபீட்பேக். அந்தப் பெயர் இன்னும் என் வாயில் சரியாக நுழைவதில்லை. வீட்டில் நாங்கள் அதை யானைப் படம் என்றுதான் சொல்வோம்.

தலையில் ஒயர் மாட்டுவார்களாம் என்ற செய்தி எங்களுக்கு முன்னால் லயம் முழுக்கப் போய்விட்டது. கரண்ட் பிடிக்கப் போகிறார்கள் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். என் புருஷன் ஃபெக்டரியில் மெஷினோடு கிடக்கிறவர். "நீ பயப்படாத புள்ள. ஒயரு எங்கேருந்து எங்க போவுதுன்னு நான் பாத்துக்கிறேன்" என்று கூடவே வந்தார்.

டவுனுக்குப் போவதென்றால் தலை படிய எண்ணெய் வைத்து, இழுத்துப் பின்னிக்கொண்டு போவதுதான் எங்கள் பழக்கம். டொக்டரிடம் போவதென்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. நானும், பைத்தியம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, தேங்காய் எண்ணெய் நெற்றியில் வழிகிற அளவுக்கு வைத்துக்கொண்டு போனேன். மிஸ் சிங்களப் பெண், என் வயதுதான் இருக்கும். வகிடு எடுத்து, பசை தடவி, ஒயரின் நுனியை ஒட்டினார். அது வழுக்கி விழுந்தது. துடைத்துவிட்டு ஒட்டினார், மறுபடி விழுந்தது. பஞ்சு எல்லாம் எண்ணெயாகி, கடைசியில் மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கமக் நே, பரவாயில்லை. அடுத்த முறை தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெயே இல்லாமல் வாங்க" என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் என் புருஷன், "அந்த எண்ணெயில வடை சுட்டிருக்கலாம்" என்றார்.

அடுத்த முறை எண்ணெய் இல்லாத தலை பறக்க, லயத்து வாசல்களைத் தாண்டி பஸ்ஸுக்குப் போனேன். முற்றிவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார்கள். பார்த்தவர்களை நானும் முறைத்துக்கொண்டே போனேன்.

அன்றைக்கு ஒயர் ஒட்டியது. என் புருஷன் முன்னாலும் பின்னாலும் குனிந்து பார்த்தார். மிஸ் அவருக்கு நிதானமாக விளக்கினார்: இந்த மெஷின் தலைக்குள் எதையும் அனுப்பாது, அங்கே நடப்பதைக் கேட்கும், அவ்வளவுதான். எதிரே திரையில் யானைகள் ஒரு குளத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தன. மனம் அமைதியாக ஓர் இடத்தில் இருந்தால் படம் தெளிவாகத் தெரியும், அலைந்தால் பனி விழுந்த மலை போல மங்கிவிடும்.

எனக்கு யானைகள் தெரியவே இல்லை, பனிதான். நான் விடுவேனா? பல்லைக் கடித்தேன், நாற்காலியை இறுக்கிப் பிடித்தேன். படம் இன்னும் மங்கியது. சரியென்று கண்ணை மூடி, வழக்கம்போல அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தேன். மிஸ் மெல்லத் தோளைத் தொட்டார். "நோனா, கண்ணை மூடினால் படத்தை யார் பார்ப்பது? ஜெபம் நல்லதுதான். ஆனால் உங்கள் தாடை ஆடுவது எல்லாம் மெஷினில் விழுகிறது" என்றார். பிறகு, "எதுவும் செய்ய வேண்டாம். சும்மா பாருங்கள்" என்றார்.

சும்மா இருப்பதாவது! காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் இருந்து ஃபெக்டரி வரை எங்கள் ஆட்களை ஏசுவதே சும்மா நிற்காதே என்றுதான். இந்த வயதில் காசு கொடுத்து அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று மனதுக்குள் பொரிந்து தள்ளினேன். அது முடிந்து, களைத்துப்போய், யானைக் குட்டி ஒன்று தாயின் வாலைப் பிடிக்கப் பார்ப்பதை வேடிக்கை பார்த்தேன். படம் தெளிவாக இருந்தது. தெளிந்துவிட்டதே என்று நான் சந்தோஷப்பட்டவுடன் போய்விட்டது.

அப்படிப் பல வாரங்கள் போய் வந்தேன். மனம் எப்போது நழுவுகிறது என்று எனக்கே தெரிய ஆரம்பித்தது. முன்பெல்லாம் அது வெகுதூரம் போன பிறகுதான் தேடுவேன்.

ஒரு நாள் நான் நாற்காலியில் இருக்கும்போதே மழை பிடித்தது. பக்கத்துக் கட்டடத்துத் தகரத்தில் சடசடவென்று விழுந்தது. யானைகள் முழுதாக மறைந்துவிட்டன. எழுந்து ஓட வேண்டும் என்று கால் துடித்தது. மிஸ் படத்தை நிறுத்தவில்லை. "மங்கட்டும். நீங்கள் இருங்கள்" என்றார். நான் அந்த வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் ஒரு காது தெரிந்தது. பிறகு ஒரு முதுகு, பிறகு குளம். மழை அப்போதும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. மழை விடுவதற்கு முன்பே என் மனம் திரும்பி வரலாம் என்பது எனக்குத் தெரியாது, யாரும் சொன்னதும் இல்லை. நான் தேம்பித் தேம்பி அழுதேன். அழுததில் படம் மறுபடி மங்கியது, அதை நாங்கள் இருவரும் கண்டுகொள்ளவில்லை.

யானைப் படம்தான் என்னைச் சுகப்படுத்தியது என்று சத்தியம் பண்ணமாட்டேன். மாத்திரை எவ்வளவு, தூக்கம் எவ்வளவு, அந்த மிஸ்ஸின் பொறுமை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. மிஸ்ஸிடம் கேட்டால், "இது ஒரு துணை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

வேலைக்குத் திரும்பினேன். மண்சரிவுக்கு எச்சரிக்கையாகப் பிள்ளைக்காம்பரா வாசலில் மழை அளக்கும் போத்தல் ஒன்றைச் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். தாய்மார் சிரித்தார்கள், சுகம் விசாரித்தார்கள். ஆனால் வானம் கறுத்தாலே ஒவ்வொருவராக மலையிலிருந்து இறங்கி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கூடுதல் கொழுந்துக்குக் கிடைக்கிற கைக்காசு போனாலும் பரவாயில்லை என்று போவார்கள். நான் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பது?

ஒரு பிற்பகல் பெரிய மழை. மழைக்குத் தலையில் போட்ட கொங்காணிச் சாக்கோடு ஒருத்தி மூச்சு வாங்க ஓடி வந்தாள். அன்றைக்கு ரோட்டில் நனைந்ததில் அதிகமாகக் காய்ச்சல் கண்டது அவள் பிள்ளைக்குத்தான். அது தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருந்தேன். கை சில்லென்றுதான் இருந்தது.

"என்னங்கக்கா, பயமா இல்லியா?" என்றாள்.

"பயமாத்தான் இருக்கு. இப்பத்தான் வெளிய போயி மழை அளக்குற போத்தலப் பாத்துட்டு வந்தேன். செவப்புக் கோட்டுக்கு ரொம்பக் கீழ நிக்குது. அங்க ஏறுச்சுன்னா ஒங்கள எல்லாம் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன், புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ஓடிருவேன்" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள், தொட்டிலைப் பார்த்தாள். கொங்காணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எழும்புனா பாலக் கொஞ்சம் சூடு காட்டிக் குடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்காமலே மழையில் இறங்கி மலைக்குப் போனாள்.