திட்டு நின்றுபோன மாதம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகும் பேருந்தில் ஓர் ஆங்கிலேய டிரம்மரின் பேட்டியைக் கேட்டுக்கொண்டு போவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அவருடைய இங்கிலீஷ் பிடிபட ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட வேண்டியிருந்தது. அவர் துறைமுகக் கூலிக்காரரின் மகன். நண்பர்களோடு ராக் பேண்டு தொடங்கினார். முதல் ரெக்கார்டு பெயர் வாங்கியதும் அவரைக் கழற்றிவிட்டார்கள். பிறகு கூப்பிட்ட பேண்டுக்கெல்லாம் வாசித்தே காலம் ஓட்டி, இப்போது காதில் மிஷினோடு உட்கார்ந்திருக்கிறார். கழற்றிவிடப்போவது முன்பே தெரியவில்லையா என்று கேட்டார்கள். கடைசி மாதம் யாருமே அவரோடு சண்டை போடவில்லையாம். தப்பாக வாசித்தாலும் சிரித்தார்களாம்.

அந்த இடம் பிடிபட்ட அன்று பேட்டியை அதோடு நிறுத்திவிட்டேன்.

வேலை நேரம் போக, திண்டிவனத்தில் ஓர் இன்னிசைக் குழுவில் நான் டிரம்ஸ் வாசிக்கிறேன். கீபோர்டு வாசிப்பவர்தான் குழுவை நடத்துகிறார், மாஸ்டர் என்போம். வாய் பொல்லாதவர். "டேய், கல்யாண வூட்ல வாசிக்கிறியா, தகரம் தட்டி காக்கா ஓட்றியா?" என்று மேடையிலேயே கேட்பார். அப்படிப்பட்டவர் கொஞ்ச நாளாக என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பரவால்ல தம்பி, பாத்துக்கலாம்" என்கிறார். தம்பியாம்!

அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் சந்தேகம். நான் உள்ளே நுழைந்தால் பாடுகிற அக்கா பேச்சை மாற்றுவதுபோல் இருந்தது. போனில் மாஸ்டர் யாரிடமோ ரிதம் பேடு விலை விசாரித்தார். டிரம்ஸ் சத்தமெல்லாம் அதைத் தட்டினாலே வரும். டிரம்ஸுக்குத் தனி வண்டி வேண்டும். பேடை ஒருத்தன் மடியில் வைத்துக்கொண்டே வந்துவிடுவான்.

விழுப்புரத்தில் ஒரு வரவேற்பு. சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையேறுகிற பாட்டில் வேண்டுமென்றே தாளத்தை முன்னால் இழுத்தேன். பாட்டு தடுமாறி நின்றது. பெண் வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து எடுத்தார். திட்டவில்லை.

சாமான் ஏற்றும்போது கேட்டுவிட்டேன். "என்னிய நிறுத்தப் போறீங்களா மாஸ்டர்?"

"யார்ரா சொன்னது?"

"திட்டவே மாட்டேன்றீங்களே."

"திட்டலன்னு சண்டைக்கு வர்ற மொத ஆளு நீதான்டா. ஒங்கம்மாதான் வந்து கேட்டுக்கினாங்க, நாலு பேரு எதிர்ல திட்டாதீங்கன்னு."

"அப்ப அந்த பேடு?"

"எம் பொண்ணு ஸ்கூல்ல கேட்டாங்க, வெல விசாரிச்சேன்."

நம்பிக்கை வரவில்லை. "வேணும்னேதான் தப்பா வாசிச்சேன்" என்றேன், அதற்காவது கோபம் வருகிறதா பார்க்க.

அவர் என்னையே பார்த்தார். "தெரியாம தப்பு பண்றவன திட்டலாம். அடுத்தவன் கல்யாணத்துல போயி... வர்ற முகூர்த்தத்துக்கு நான் வேற ஆள பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். மல்லாட்டை உரித்துக் கடலையைத் தனியே போட்டுக்கொண்டிருந்தார். "ஆமா, சொன்னேன். நானும் ஒங்கப்பனும் காடு கழனில கண்டவன்கிட்ட திட்டு வாங்கிக்கினு வேல செஞ்சோம். படிச்சவன், நீ இன்னாத்துக்குடா வாங்கணும்?" என்றார்.

விக்கிரவாண்டியில் அடுத்த கல்யாணம். கூப்பிடாமலே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நான் வாசித்துவந்த டிரம்ஸில் வேறொருவன். நன்றாகத்தான் வாசித்தான். மூன்றாவது பாட்டில் ஓர் இடத்தில் சறுக்கினான். மாஸ்டர் கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல், தலையை மட்டும் திருப்பி அவனைப் பார்த்து வாயை அசைத்தார். என்ன சொன்னார் என்று அங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. அவன் சிரித்துக்கொண்டே குச்சியைச் சரிசெய்தான். எனக்கு வயிறு எரிந்தது.