அரசன் கட்டிய பெண்

மிச்சம் என்ற ஆங்கிலேய ஊரில், எங்கள் வீட்டுச் சமையலறையில் மருமகள் பிரஜாவுரிமைச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆங்கிலம் வராது. வாசித்ததைத் தமிழில் சொன்னாள்.

"இந்த நாட்டிலை ஒருத்தர் பழைய ராசாவைச் சண்டையிலை வெண்டு முடிசூடினவராம், மாமி. பிறகு எதிர்க்குடும்பத்துப் பெட்டையைக் கட்டினவராம். அதோடை முடி உறுதியாச்சுதாம்."

வெங்காயம் உரித்த கை நின்றுவிட்டது.

ஊரில் எங்கள் கோயில் தலைமை என் தகப்பன் ஐயாவிடம் இருந்தது. ஐயாவின் தங்கை புருஷன், மாமா, வழக்காடி அதைப் பறித்தார். ஆனால் தேரன்று வடம் பிடிக்க, ஐயாவின் பக்கம் நின்ற பாதி ஊர் வரவில்லை. தேர் அசையாமல் வெயிலில் நின்றது. அடுத்த கிழமையே மாமா தன் மகனுக்கு அக்காவைக் கேட்டு வந்தார்.

பெண்ணின் விருப்பத்தைச் சின்னப்பிள்ளையை விட்டுக் கேட்பது எங்கள் வீட்டு வழக்கம். எனக்குப் பத்து வயது. நெல்மூட்டை வாசம் அடிக்கும் அறைக்குள் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஏலாதெண்டு சொல்லடி."

எனக்கோ கல்யாணம் நடந்தால் தேர் ஓடும், மறுபடி அதற்கு முன்னால் நிற்கலாம் என்று ஆசை. வெளியே வந்து, "அக்கா ஓம் எண்டவ" என்றேன்.

கல்யாணம் நடந்தது; அடுத்த வருஷம் தேர் ஓடியது. அக்கா சாகும்வரை என்னோடு பேசவில்லை.

"அந்தப் பெட்டையிட்டை விருப்பம் கேட்டவையோ, பிள்ளை?"

மருமகள் பக்கத்தைப் புரட்டினாள். "அது போடேல்லை, மாமி."

"கேட்டிருப்பினம்," என்றேன். "மறுமொழியை ஆர் கொண்டுபோனதெண்டுதான் தெரியேல்லை."