கயிற்றுக்குள் பச்சை நூல்

கம்பெனிப் பெயர்ப்பலகையில் இருந்த 'பிரைவேட்' என்ற சொல்லின் மேல் பெயிண்ட் அடித்து மறைத்த அன்று, எங்கள் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன். ஒன்று எனக்கு, ஒன்று காரமடையில் இருந்த என் அண்ணனுக்கு. இனிமேல் நாம் லிமிடெட் கம்பெனி, நம் பங்கை யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றெல்லாம் மேனேஜர் விளக்கினார். எனக்குப் புரிந்தது ஒன்றுதான். டைப் அடிக்க வேண்டிய கடிதங்கள் கூடப்போகின்றன.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே போனால் கம்பெனி வரும். இரும்புக் கம்பிகளை முறுக்கி வயர் ரோப் செய்யும் இடம். நான் சேர்ந்தபோது இரண்டு ஷெட். துறைமுகத்து ஆர்டர் வந்தபின் நான்கு, அப்புறம் ஆறு. ஒவ்வொரு ரோப்பும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சோதித்து எழுதும் சர்டிபிகேட்டைத் தட்டுவது என் வேலை. என் விரல் படாமல் ஒரு ரோப்பும் கேட்டைத் தாண்டாது என்று வீட்டில் பீற்றிக்கொள்வேன்.

ரோப்பின் நடுவில் சணல் கரு ஒன்று ஓடும். அதோடு எங்கள் கம்பெனி அடையாளமாக ஒரு பச்சை நூலையும் சேர்த்து முறுக்குவார்கள். வெளியே தெரியாது, பிரித்தால்தான் தெரியும். மட்டமான சரக்கை எங்கள் பெயரில் எவனும் விற்றுவிடக் கூடாது என்பதற்காக அந்த நூல்.

அண்ணன் கிணறு வெட்டும் கிரேன் வைத்திருந்தார். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாறையைப் பிளந்துகொண்டு நூறு அடிக்கு மேல் இறங்குபவை. மேலே கிரேன், அதில் ரோப், ரோப்பின் முனையில் இரும்புப் பக்கெட். ஆள் இறங்குவதும் அதில்தான், கல் ஏறுவதும் அதில்தான்.

அவருக்கு ரோப் கிடைப்பதில் முன்பெல்லாம் சிரமமே இருந்ததில்லை. பெரிய உருளைகளில் சுற்றியதுபோக மிஞ்சும் துண்டுகள், நூறடி இருநூறடி, சனிக்கிழமை காலையில் சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் கிடக்கும். கிணறு வெட்டுகிறவர்கள் வந்து வாங்கிப்போவார்கள். அத்தனையும் புது ரோப்.

தரச்சான்றிதழ் வாங்கப்போகிறோம் என்று ஆரம்பித்தபோது அதற்கு முடிவு வந்தது. சர்டிபிகேட் இல்லாமல் ஒரு அடிகூட வெளியே போகக்கூடாது, மிஞ்சும் துண்டுகளை யாரும் பயன்படுத்த முடியாதபடி முழம் முழமாக வெட்டிப் பழைய இரும்பில் போட வேண்டும் என்று சுற்றறிக்கை. தட்டியது யார்? நானேதான். ஒரு எழுத்துப்பிழை இல்லாமல் தட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை அண்ணன் வந்தார். அவருடைய ரோப் தேய்ந்துபோயிருந்தது. கையில் எடுத்த கிணறோ எழுபது அடியில் நின்றது, ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும். நான் அவரை மேனேஜரிடம் கூட்டிப்போனேன். ஜன்னலுக்கு வெளியே புது ரோப்பை வெட்டிக்கொண்டிருந்த சத்தம் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.

"உங்க அண்ணன்னு தெரிஞ்சுதானுங்க அம்மணி இவ்வளவு நேரம் பேசறேன்" என்றார் மேனேஜர். கெட்ட மனிதர் இல்லை. "சர்டிபிகேட் இல்லாத துண்டு ஒண்ணு அந்துபோச்சுன்னா கெடறது நம்ம பேருங்க. டவுன்ல டீலர்கிட்டச் சொல்லி வெய்யுங்க."

"சரீங்க சார்" என்று அண்ணன் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. "நீ ஏங்கண்ணு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற? அவரு சொல்றதும் நாயந்தான்" என்று என்னைச் சமாதானப்படுத்திவிட்டு பஸ் ஏறினார்.

டீலர் ஆறு வாரம் ஆகும் என்றார். சொல்லிவைத்தோம். ஐந்தாவது வாரம் எங்களுக்கு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. ஆபீசே அமர்க்களப்பட்டது. உள்ளூர் டீலர்களுக்குச் சரக்கு அனுப்புவது தள்ளிப்போகும், பொறுத்தருளவும் என்று ஒரு கடிதம் போனது. பத்து டீலர்களுக்குப் பத்துப் பிரதி. எங்கள் டீலர் பெயரைத் தட்டும்போது கை நின்றது. நின்று என்ன செய்ய? அதையும் தட்டி முடித்தேன்.

அண்ணன் காத்திருக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு ரோப் வாங்கிவிட்டார். துறைமுகத்தில் ஓடி ஓய்ந்த சரக்கு, கிரீஸ் பூசிக் கன்னங்கரேல் என்று புதிதுபோல் மினுக்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போனபோது பார்த்தேன். ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட் துணியை எடுத்து ரோப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடந்தேன். அறுந்த கம்பி இருக்கும் இடத்தில் துணி மாட்டும், எங்கள் சோதனைக்கூடத்தில் அப்படித்தான் பார்ப்பார்கள். பத்தடிக்குள் ஏழு இடத்தில் மாட்டியது.

"இதுல எறங்காதீங்ண்ணா. துணி எங்கெங்க மாட்டுதுன்னு பாருங்க."

"கல்லு ஏத்தறதுக்கு மட்டும் வெச்சுக்கறேன், போதுமா?"

"அப்ப ஆளுக எப்படிங்ண்ணா எறங்குவாங்க?"

"ஆளு கல்ல விட எடை கம்மிதானே அம்மணி" என்று சிரித்தார். அண்ணியும் சிரித்தாள். நான் கத்தினேன், அழுதேன். அந்த ரோப்பை வெட்டிப்போடுகிறேன் என்று அரிவாளைக்கூட எடுத்தேன். அரிவாளுக்கு அறுகிற சாமானா அது? கிணற்றுக்காரருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், எட்டு பேருக்கு வேலை தரவேண்டும் என்று சொல்லிவிட்டு அண்ணன் வேலைக்குப் போய்விட்டார். அதற்குப்பின் ஒவ்வொரு ஞாயிறும் போய்த் துணியால் தடவிப் பார்த்தேன். ஏழு பதினொன்று ஆயிற்று, பதினொன்று பதினாறு ஆயிற்று. எண்ணத் தெரிந்ததே தவிர எனக்கு வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அண்ணன் பக்கெட்டில் இறங்கும்போது கிணற்றுத் தரைக்கு இன்னும் பதினைந்தடி இருக்கையில் ரோப் அறுந்தது. உயிர் பிழைத்தார். பெரியாஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் அங்கே படுத்திருந்த வாரத்தில்தான் டீலரிடமிருந்து ஆள் வந்தது, புது ரோப் வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளலாம் என்று. அதன் சர்டிபிகேட்டையும் முந்தின வாரம் நான்தான் தட்டியிருந்தேன்.

கிரேனை விற்றார்கள். அறுந்த ரோப் மட்டும் கொட்டகை ஓரத்தில் சுருண்டு கிடந்தது. அண்ணன் கட்டைக்கால் வைத்து நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு நாள், நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அறுந்த முனையை முறுக்கு மாற்றிப் பிரித்தேன். உள்ளே சணல் கருத்து மக்கிப்போயிருந்தது. அதோடு ஒரு நூல். மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்தேன். பச்சையாக வந்தது.

துறைமுகத்துக்கு நாங்கள் முதன்முதலாக அனுப்பிய சரக்காக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எதுவானாலும் நான் சர்டிபிகேட் தட்டிக் கேட்டைத் தாண்டிய ரோப். கம்பெனியை ஆறு ஷெட்டாக வளர்த்துவிட்டு, தன் ஆயுளையும் முடித்துக்கொண்டு, என் அண்ணனிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

"என்ன கண்ணு பாக்கற?" என்று அண்ணன் தாங்கித் தாங்கிப் பக்கத்தில் வந்தார். மறைக்க நினைத்தேன், முடியவில்லை. நூலைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார், அழுவார் என்று காத்திருந்தேன்.

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, உங்க கம்பெனி ரோப்பா! அதாங் கண்ணு அத்தன நாளுத் தாங்குச்சு" என்றார். பிறகு அடுப்படியில் இருந்த அண்ணியைக் கூப்பிட்டு அந்த நூலைக் காட்டினார்.