காலி டப்பாவுக்கு என்ன பெயர்?

தமிழ்வாணி கோச்சடை அங்கன்வாடிக்கு டீச்சராக வருவதற்கு முன்னால் ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப்போட்டவள். அங்கே பழகிய பேச்சுத்தான் பிள்ளைகளிடம் கைகொடுக்கிறது என்று கணவன் செல்வக்குமாரிடம் சொல்வாள். எதைச் சொல்லிக்கொடுத்தாலும் பொருளைக் கையில் எடுத்துக் காட்டிவிடுவாள்.

அன்று எதிர்ச்சொல் பாடம். பெரிய பந்து, சின்னப் பந்து சுலபமாகப் போயிற்று. ‘வெளியே’ என்றதும் இரண்டு பேர் தெருவரைக்கும் ஓடிவிட, பிடித்துவந்து உட்காரவைத்தாள். பிறகு இரண்டு டப்பாக்களை எடுத்தாள். ஒன்றில் விளிம்புவரை துவரம்பருப்பு.

“இது நெறஞ்சிருக்கு. அப்ப இது?” இன்னொன்றைக் கவிழ்த்துக் காட்டினாள்.

“அதுவும் நெறஞ்சிருச்சு,” என்றாள் நான்கு வயது முத்துமீனா.

“நல்லாப் பாரு. உள்ள ஒண்ணுமே இல்லையே?”

“ஆமா. அரிசி டப்பா இப்பிடி இருந்தா எங்கம்மா அப்பிடித்தான் சொல்லும்.”

அடுப்படியில் ‘இல்லை’ என்ற சொல் வரக்கூடாது என்பது தமிழ்வாணி வீட்டிலும் பழக்கம்தான். உப்புத் தீர்ந்தால், “உப்பு நெறஞ்சிருச்சு, வாங்கிட்டு வாங்க” என்றுதான் செல்வக்குமாருக்குப் போன் போடுவாள். ஆனாலும் பாடம் நடந்தாகவேண்டுமே.

“வீட்ல அப்பிடிச் சொல்லலாம். இங்க நெறஞ்சதுன்னா நெறைய இருக்குன்னு அர்த்தம். ஒண்ணுமில்லாட்டி காலி.”

பிள்ளைகள் கத்திச் சொன்னார்கள். முத்துமீனாவும் சொன்னாள்.

மத்தியானம் சாம்பார் சாதம். முத்துமீனா மறுபடியும் தட்டை நீட்டினாள். சமைத்துப்போடும் அழகம்மாள் குண்டானுக்குள் எட்டிப்பார்த்துவிட்டு, “சோறு நெறஞ்சிருச்சு தாயி,” என்று சொல்லி அதைக் கழுவத் தூக்கிப்போனாள். பாய் விரித்து மற்றப் பிள்ளைகள் படுத்தாயிற்று. முத்துமீனா மட்டும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள்.

“ஏன்டா, தூங்கலையா?”

“சோறு நெறைய இருக்குல்ல டீச்சர். ஆயா கொண்டுவரும்.”

தமிழ்வாணி தன் டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த தயிர்சாதத்தைத் தட்டில் வைத்துவிட்டு அழகம்மாளிடம் போனாள்.

“அக்கா, பிள்ளைககிட்ட காலின்னே சொல்லிருங்களேன்.”

“சோத்துப் பானையைப் பாத்தா? என் வாயில வராது டீச்சர். பிள்ளைக சாப்புடுற எடம், நெறஞ்சு கெடக்கட்டும்னுதான சொல்றது.”

அதுவும் சரியாகத்தான் பட்டது. பிள்ளை காத்திருந்ததும் சரிதான். பின்னே தவறு யார்மேல் என்று தமிழ்வாணிக்குப் பிடிபடவில்லை.

சாயங்காலம் முத்துமீனாவின் அம்மா தங்கப்பொண்ணு வந்தாள். விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தமிழ்வாணி யோசிப்பதற்குள் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு, “போறேன் டீச்சர்!” என்றது.

தங்கப்பொண்ணு அதன் தலையில் தட்டினாள். “போறேன்னு சொல்லக்கூடாது. வாரேன்னு சொல்லணும்.”

“வாரேன் டீச்சர்!” என்று சொல்லிக்கொண்டே பிள்ளை போனது.

நாளைக்கு ‘வா, போ’ நடத்துவதாக இருந்தாள் தமிழ்வாணி. உள்ளே போய் அந்தப் பட அட்டையைக் கட்டின் அடியில் செருகிவிட்டு, ‘மேடு, பள்ளம்’ அட்டையை மேலே எடுத்துவைத்தாள். அதையும் ஒருமுறை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.