மகளை நித்திரையாக்கிய சரக்கு ரயில்

இன்று மத்தியானம் லண்டன் வூட்கிரேஞ்ச் பார்க் ரயில் நிலையத்தில் நிற்கும்போது, பழைய டீசல் எஞ்சின் ஒன்று சரக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு மெதுவாகக் கடந்தது.

வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பெரியவர் எழுந்து நின்று பார்த்தார். இதே பாதையில் அந்த வகை எஞ்சினைத்தான் வேலைக்காலம் முழுக்க ஓட்டினாராம்.

நாங்கள் லண்டனுக்கு வந்த புதிதில் இந்தப் பாதையை ஒட்டிய வீட்டில் ஒற்றை அறையில் இருந்தோம். கைக்குழந்தையான மகள் பகலில் கண்மூடவே மாட்டாள். பின்னால் உள்ள சிக்னலில் சரக்கு ரயில் நின்று உறுமினால் மட்டும் நித்திரையாகிவிடுவாள். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நான் சாப்பிடுவேன். சில நாள் அழுவேன்.

அதை அவரிடம் சொன்னேன்.

அவர் அந்தச் சிக்னலில் நிற்கும்போதெல்லாம், பக்கத்து வீடுகளில் இருப்பவர்கள் சத்தத்துக்குத் திட்டுவார்கள் என்று கூசி, அந்த வீட்டு ஜன்னல்கள் பக்கமே பார்க்க மாட்டாராம். பிறகு மகளின் பெயரைக் கேட்டார். யாழினி என்றேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ரயிலேறினார்.

மகளுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"அதுதான் அம்மா, எனக்கு இப்பவும் ரெயினில ஏறினா நித்திரை வருது. போன கிழமையும் இறங்கிற ஸ்டேஷனை விட்டுட்டு வேலைக்கு லேட்டாப் போனனான்," என்றாள்.

உங்கள் பிள்ளைகள் எந்தச் சத்தத்தில் நித்திரையானார்கள்? தாலாட்டு என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் பாடினால் அவள் இன்னும் பலமாக அழுவாள்.