இரண்டு குதிகால்

ஓவியப் பள்ளியில் கூட்டிப் பெருக்குகிற வேலை என்றுதான் அவள் வீட்டில் சொல்லியிருந்தாள். பொய்யில்லை, காலையில் பெருக்கத்தான் செய்தாள். மதியத்தில் மேடையேறி, உடுத்தியதைக் களைந்துவிட்டு, மாணவர்கள் பார்த்து வரைய அசையாமல் நின்ற மிச்சக் கதையை மட்டும் முழுங்கிவிட்டாள். மேடையில் ஒருநாளும் கூசாதவளுக்கு, கட்டிக்கொடுத்த மகளுக்குத் தெரிந்துவிடுமோ என்பது ஒன்றுதான் பயம்.

அந்த மகளே இன்று, "நீ பெருக்குற இடத்துல அப்படி என்னதான் வரையறாங்கன்னு பாக்கறேன்" என்று அவளைப் பள்ளியின் கண்காட்சிக்கு இழுத்து வந்துவிட்டாள்.

நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அவளே நின்றாள். பெரிய ஓவியம் ஒன்றைத் தொடங்கும் முன் ஆசிரியர் போட்டுப் பார்த்த படம். பழுப்புக் காகிதத்தில் கரிக்கோடு, தோளிலும் இடுப்பிலும் மட்டும் வெள்ளைச் சாக்கட்டியின் கீற்று.

பயந்து பயந்து முகத்தைப் பார்த்தாள். முகமே இல்லை. ஒரு முட்டை வடிவம், குறுக்கே ஒரு கோடு, அவ்வளவுதான். உடம்பு நிற்கிற நிலைதான் வேண்டும், முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார், புண்ணியவான். போன உயிரில் பாதி திரும்பி வந்தது.

"போலாம்டி, கால் கடுக்குது."

மகள் நகரவில்லை. அவள் கண் படத்தின் அடியில் நின்றுவிட்டது. முகத்தை விட்ட மனிதர், பாதத்தை மட்டும் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தார், பாவி. பெருவிரல் மேல் ஏறிக் கிடக்கும் இரண்டாவது விரல். போன வருஷம் அம்மா கை முறிந்து கிடந்தபோது, மகள் நகம் வெட்டிவிட்ட விரல்.

"ஒரே கால்ல குதிகால் ரெண்டு இருக்கும்மா," என்றாள் மகள் மெதுவாக.

இருந்தது. முதலில் வரைந்த, தரையில் பதிந்த குதிகாலைத் துணியால் துடைத்திருந்தார், ஆனால் கரி முழுசாகப் போகாமல் சாம்பலாகத் தங்கிவிட்டது. அதன்மேல் அழுத்தமாக, தூக்கிய குதிகால். நின்று நின்று தாங்கமுடியாமல் அவள் கால் மாற்றியது அப்படியே காகிதத்தில் இருந்தது. அதற்கு அன்றைக்கு மன்னிப்பு வேறு கேட்டிருந்தாள்.

மகள் குனிந்து அம்மாவின் செருப்பைப் பார்த்தாள். அம்மா விரலை மடக்கி ஒளிக்கப் பார்த்தாள். அது என்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டது? போச்சு, இனி இவள் வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

மகள் போய், காவலாளியின் நாற்காலியை இழுத்துவந்து போட்டாள்.

"உக்காரும்மா. இவ்ளோ வலிச்சிருக்கு. உன்ன உக்காரச் சொல்ல அங்க ஒருத்தருக்குமா தோணல?"