இரண்டு காலும் தெரிகிற படம்

மூத்த பேரன் பிரபுவுக்குச் சென்னைக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. பேத்தி கயல்விழி பி.எட். முதல் வகுப்பில் தேறி, குறிஞ்சிப்பாடியில் டீச்சராகச் சேர்ந்துவிட்டாள். சின்னவன் குமரன் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. எங்கள் டெலிபோன் பேச்சு எப்போதும் இப்படித்தான் தொடங்கும். சிதம்பரத்தில் நான், கடலூர் முதுநகரில் சம்பந்தி சரோஜா. என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. பேரப்பிள்ளைகள் எங்கள் இருவருக்கும் பொது. ஆனாலும் நல்ல செய்தியை முதலில் சொல்வது யார் என்பதில் போட்டி. "சம்பந்தி, சாப்பிட்டீங்களான்னு அப்புறம் கேக்குறேன். மொதல்ல மார்க்கைக் கேளுங்க" என்பார்.

அன்று காலையில் போன் அடித்ததும் எடுத்து, எதிராளியைப் பேசவே விடவில்லை. குமரன் என் வீட்டில் தங்கி அண்ணாமலை நகர் காலேஜில் இடம் வாங்கியிருந்தான். "சம்பந்தி, குமரனுக்கு சீட்டு கெடச்சிடுச்சி! நான்தான் மொதல்ல சொல்றேன், தோத்தீங்க!" என்றேன். அந்தப் பக்கம் பேசியது மருமகன். "அத்தை, அம்மா போயிட்டாங்க. மூச்சு வாங்குதுன்னாங்க. ஆட்டோ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சி."

நினைவு மலருக்கு ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதச் சொன்னாள் கயல். மற்றவர்கள் நல்லதாக எழுதுவார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கோபத்தைத் திருத்த வேண்டாம்.

சம்பந்தி அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். வருஷா வருஷம் யானைக்கால் தடுப்பு மாத்திரையை அவர்தான் தெருவில் கொடுப்பார். கொடுத்துவிட்டு நகரமாட்டார். ஒருமுறை நான் அங்கே போயிருந்தபோது, மீன் ஏலக்காரர் ஒருவர் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். "மாமா, வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க" என்றார் சம்பந்தி. "என்னா டீச்சர், என்னயும் பால்வாடிப் புள்ளயாக்கிட்டியா?" என்றார் அவர். "பால்வாடிப் புள்ளைங்க ஒழுங்கா முழுங்குது மாமா. நீங்க முழுங்குனதப் பாத்துட்டுத்தான் அடுத்த வூட்டுக்குப் போவேன்." அப்படி ஊர்க் காலையெல்லாம் காத்த மனுஷி.

போன வருஷம் அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். முற்றிப் பரவிவிட்டது, அறுக்க முடியாது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றலாம் என்றார்கள். முடி கொட்டும், வாந்தி வரும், காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள், வெளிச் சாப்பாடு கூடாது. இத்தனையும் சொன்னார்கள். கையில் ஒரு தாளும் கொடுத்தார்கள், இங்கிலீஷில். பிரபு அதை மடித்து ஃபைலில் வைத்தான். மூன்று தடவை ஏற்றியபின் ஊதியிருந்த வயிறு வற்றியது, பசி எடுத்தது. மருந்து கேட்கிறது என்று டாக்டரே சொன்னார். சம்பந்தி என்னிடம், "கயல் கல்யாணத்துக்குப் பந்தியில நின்னு நானே இலை போடுவேன், பாருங்க" என்றார்.

ஆனி மாதம் மங்கலம்பேட்டையிலிருந்து கயலைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் முதல் நாளே போய்விட்டேன். சம்பந்தி என்னை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, புடவையைத் தூக்கிக் காட்டினார். இடது கால் மட்டும் வீங்கியிருந்தது. தொட்டால் சூடு, கெண்டைக்காலில் வலி. வலது கால் குச்சிபோல் இருந்தது.

"மாத்திரை குடுத்தவளுக்கே காலு வந்துடுச்சின்னு தெரு சிரிக்கும் சம்பந்தி" என்றார். "பொண்ணு வூட்டுல யானைக்காலுன்னு தெரிஞ்சா இந்த எடம் போயிடும். யாருக்கும் சொல்லாதீங்க. அடுத்த மருந்துக்குப் போறப்ப பாத்துக்கலாம்."

நான் என்ன சொன்னேன் என்று எழுதத்தான் வேண்டும். "பொடவையத் தழைய வுடுங்க, எதுவும் தெரியாது" என்றேன். விளக்கெண்ணெயைக் காய்ச்சி, அந்தக் காலை அழுத்தி நீவியும் விட்டேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நீர் இறங்கிவிடும் என்று இரண்டு நாளும் நீவினேன்.

இடம் முடிந்தது, தையில் கல்யாணம் என்று பேசினார்கள். அவர்கள் போனதும் சம்பந்தி கூடத்தில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, பட்டுப்புடவையோடு கயலை மடியில் சாய்த்துக்கொண்டார். பிரபு அதைப் படம் பிடித்து எல்லாருக்கும் காட்டினான். "முடி இல்லாட்டியும் சிரிப்பு அப்படியே இருக்குது" என்றோம். ஒரு கால் இன்னொன்றைப்போல் இரண்டு மடங்கு இருந்தது படத்திலேயே தெரிந்தது. இன்ஜினீயர் பார்த்தான், டீச்சர் பார்த்தாள், உயிரியலில் நூற்றுத் தொண்ணூற்றாறும் பார்த்தது. எல்லாரும் முகத்தைத்தான் பார்த்தோம். எட்டாம் நாள் அவர் போய்விட்டார்.

காரியம் முடிவதற்கு முன்பே மருமகன் ஏதோ காகிதம் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார். சண்டை போடுவதற்கென்றே நானும் போனேன். அந்த டாக்டரம்மா காலைப் பற்றிக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரு காலா? அது யானைக்கால் இல்லம்மா. இந்த நோவுக்கும் இந்த மருந்துக்கும் காலு ரத்தக்குழாயில ரத்தம் உறைஞ்சிக்கிறது ஜாஸ்தி. அது கழண்டு போயி நுரையீரல்ல அடைச்சிருக்கும். அன்னிக்கே வந்திருந்தா ஸ்கேன் பாத்து, ரத்தம் உறையாம இருக்க ஊசி போட்டிருப்போம்."

"போட்டிருந்தா பொழச்சிருப்பாங்களா?"

"உறுதியா சொல்ல முடியாது. ஆனா பாத்திருக்கலாம்."

"எண்ண போட்டு நீவி வுட்டேன்."

"நீவக் கூடாதும்மா."

"இதையெல்லாம் ஏன் அப்பவே சொல்லல?"

"அந்தத் தாள்ல இருக்குது."

"தாளு இங்கிலீஷ்ல இருக்குது. அவுங்க தமிழ்ல வாழ்ந்தவுங்க."

நாங்கள் வீட்டுக்கு வந்ததும் கயல் ஃபைலிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் படித்தாள். கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது: ஒரு கால் வீங்கினாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே வரவும்.

மங்கலம்பேட்டைச் சம்பந்தியம்மா துக்கம் கேட்க வந்தபோது நான் காலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். "எங்க மாமியாருக்கே யானைக்காலுதான். இதுக்காவா மறைச்சீங்க?" என்று அழுதார். அவர் அழுததும் எனக்கு இன்னும் எரிந்தது.

துக்கத்துக்கு வந்தவர்களில் பலர், "எப்படியும் போகப்போறவங்கதானே, இழுத்துக்கிட்டுக் கெடக்காம போயிட்டாங்க" என்றீர்கள். ஆறுதலுக்குச் சொன்னீர்கள், தெரியும். இனி என்னிடம் அதைச் சொல்லாதீர்கள். ஆனியிலிருந்து தை வரைக்கும் ஆறு மாதம். அது அவருடைய ஆறு மாதம். இலை போட வேண்டிய கை அது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: முழுங்கியதைப் பார்க்காமல் வாசலை விட்டு நகராத அந்தப் பிடிவாதம். எங்கள் தெருத் தையல்காரர் மனைவிக்குப் போன வாரம் மருந்து ஏற்ற ஆரம்பித்திருக்கிறார்கள். அவர் வீட்டு வாசலில் நான் போய் நிற்கப்போகிறேன். "காலைக் காட்டு, ரெண்டையும் காட்டு" என்பேன். காட்டும்வரை நகரமாட்டேன்.

அவரிடம் காட்டிச் சொல்ல, கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்த அந்தப் படம் எனக்கு வேண்டும். பிரபு, நீ அனுப்பியதில் ஸ்டுடியோக்காரன் இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டான். மாலை போட அது சரி, எனக்கு ஆகாது. புதுசாக ஒன்று போட்டுத் தபாலில் அனுப்பு. கால் விரல் வரைக்கும் முழுசாக இருக்கட்டும்.